'போயிட்டு வரேன்' என்று சொல்லும் குழந்தை: முழு வாக்கியங்களாகப் பேச்சு வருவது ஏன், என்ன செய்யலாம்?

மூன்று வயதுக் குழந்தை. வீட்டில் யார் செருப்பை மாட்டினாலும் ஓடிவந்து "போயிட்டு வரேன்" என்கிறது. கிளம்புவது அது அல்ல. தாகம் எடுத்தால் குவளையைக் காட்டி, "தண்ணி வேணுமா?" என்று நம்மையே கேட்கிறது. விழுந்து அழும்போது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. குரலின் ஏற்ற இறக்கம்கூட அம்மாவுடையது. ஆனால் பந்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், "இது என்ன?" என்ற கேள்வியே திரும்பி வருகிறது.

இப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு மூன்று விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. "தானாகச் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "திருப்பிச் சொல்லும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள்" என்பது இரண்டாவது. சில ஆண்டுகளாக மூன்றாவது ஒன்று சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவுகிறது: "உங்கள் குழந்தை கெஸ்டால்ட் முறையில் மொழி கற்பவர், கேள்வி கேட்காதீர்கள், தனிச் சொற்களைக் கற்றுத்தராதீர்கள்." மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதால் குழப்பம் வருவது இயல்பு. மூன்றாவது அறிவுரையில் உறுதியான அறிவும் சோதிக்கப்படாத விதிகளும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சில பெயர்கள்

கேட்ட பேச்சை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு மருத்துவத்தில் எக்கோலாலியா என்று பெயர். எதிரொலிப் பேச்சு எனலாம். கேட்டவுடன் திருப்பிச் சொன்னால் உடனடி எதிரொலி. மணிக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து வேறொரு சூழலில் அதே வரி வந்தால் தாமத எதிரொலி. "இது என்ன?" முதல் வகை, "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" இரண்டாம் வகை.

கெஸ்டால்ட் என்பது ஜெர்மன் சொல். பகுதிகளாகப் பிரிக்காமல் முழு உருவாகப் பார்க்கப்படுவதை அது குறிக்கும். மொழிக்குப் பொருத்தினால், பெரியவர் காதுக்கு மூன்று நான்கு சொற்களாகக் கேட்கும் வரி குழந்தைக்கு உடையாத ஒரே கட்டி. 'போயிட்டு' வேறு, 'வரேன்' வேறு என்று அதற்கு இன்னும் தெரியாது. யாரோ வாசலைத் தாண்டும் காட்சியின் பெயர்தான் அந்தக் கட்டி.

எதிரொலிப் பேச்சு, பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக வளரும் ஆட்டிசம் என்ற நிலைக்கு மட்டும் உரியதல்ல. பேசத் தொடங்கும் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் திருப்பிச் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்று வயதை நெருங்கும்போது அது குறைந்து சொந்தப் பேச்சு மேலெழும். அது குறையாமல், பேச்சின் பெரும்பகுதியாகவே தொடரும்போதுதான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

எண்பது ஆண்டுக் கதை

குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் ஆட்டிசம் இன்றைய பொருளில் பரவலாக அறியப்பட்டது. அவர்களில் 8 பேருக்குப் பேச்சு வந்திருந்தது. அதில் எதிரொலி நிறைந்திருப்பதை அவர் அப்போதே பதிவுசெய்தார். ஒரு சிறுவனிடம் அவன் அப்பா, "'ஆமாம்' என்று சொன்னால் உன்னைத் தோளில் தூக்கிக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் பல மாதங்களுக்கு அந்தச் சிறுவனின் 'ஆமாம்' தோளில் ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் குறிக்கவில்லை. ஒற்றைச் சொல்லும் உடையாத கட்டியாக இருக்கக்கூடும் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1946-இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் வேறொரு சிறுவன் வருகிறான். அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அம்மா மழலைப் பாட்டொன்றைச் சொல்லிக்கொண்டே வேலை செய்கையில் சமையல் பாத்திரத்தைக் கைதவறிப் போட்டுவிட்டார். அன்று முதல் பாத்திரம் போன்ற எதைப் பார்த்தாலும் அவன் அந்தப் பாட்டின் துண்டைத்தான் சொல்வான். வெளியாளுக்கு உளறல், அம்மாவுக்கு மட்டும் பொருள் விளங்கும்.

இருந்தும் அடுத்த சில பத்தாண்டுகளில் எதிரொலியை நீக்க வேண்டிய பழக்கமாகவே பலர் நடத்தினார்கள். பார்வை மாறத் தொடங்கியது 1970-களின் பிற்பாதியில். மொழியியலாளர் ஆன் பீட்டர்ஸ் 1977-இல் ஒரு சிறுவனின் பேச்சை ஆராய்ந்து வெளியிட்டார். படப்புத்தகத்தில் பெயர் சொல்லும்போது அவன் சொல் சொல்லாகப் பேசினான். மற்றவர்களோடு விளையாடும்போதும் அழைக்கும்போதும் வாக்கியத்தின் 'ராகத்தை' முழுசாகப் பிடித்துக்கொண்டு பேசினான். இரண்டு வழியும் ஒரே குழந்தையிடம் இருந்தன.

1981-இல் பேச்சு மொழி ஆய்வாளர்கள் பாரி பிரிசான்ட், ஜூடித் டூச்சன் இருவரும் ஆட்டிசம் உள்ள நான்கு குழந்தைகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடனடி எதிரொலிகளைக் காணொளியில் பதிந்து அலசினார்கள். பார்வை எங்கே போகிறது, கை எதைத் தொடுகிறது, அடுத்து என்ன நடக்கிறது என்று சேர்த்துப் பார்த்ததில், பெரும்பாலான எதிரொலிகளுக்கு வேலை இருந்தது தெரிந்தது. ஏழு வகை வேலைகளை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். தாமத எதிரொலிக்கு இன்னும் நீண்ட பட்டியல் 1984-இல் வந்தது.

அந்த வரி என்ன வேலை செய்கிறது?

வீட்டில் அடிக்கடி தென்படுபவை இவை:

1. கேட்பது. "தண்ணி வேணுமா?" என்பது தண்ணீர் கிடைப்பதற்கு முன்னால் எப்போதும் ஒலிக்கும் வரி. ஆகவே தண்ணீரை வரவழைக்கும் வரி அதுதான் என்று குழந்தை முடிவுகட்டுகிறது. அதன் தர்க்கத்தில் பிழை இல்லை.

2. ஆமாம் சொல்வது. "வெளியே போலாமா?" என்று கேட்டால் "போலாமா" என்று திரும்பி வந்து, கால் வாசலை நோக்கி நடந்தால் அது சம்மதம்.

3. தன் முறையை எடுத்துக்கொள்வது. எதிரில் இருப்பவர் பேசி நிறுத்தினால் நாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரியும். என்ன சொல்வதென்று தெரியாது. கேட்டதையே திருப்பிக் கொடுக்கிறது.

4. தன்னை ஆற்றிக்கொள்வது, கட்டுப்படுத்திக்கொள்வது. சுவிட்சை நோக்கிக் கை நீட்டியபடியே "தொடக்கூடாது" என்று சொல்லும் குழந்தை நம் கட்டளையைத் தனக்கே போட்டுக்கொள்கிறது.

5. நினைவைச் சொல்வது. போன மாதம் ஊசி போட்டபோது கேட்ட வரி இன்று வெள்ளை உடையைப் பார்த்ததும் வந்தால், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அதற்குப் பொருளாக இருக்கலாம்.

எந்த வேலையும் புலப்படாத எதிரொலிகளும் உண்டு. களைப்பு, சத்தம், பதற்றம் கூடும்போது அவை பெருகும். எல்லா வரிக்கும் ஆழ்ந்த பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தமிழில் இது ஏன் கண்ணுக்குத் தப்புகிறது

இதைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டது. அங்கே 'நான்' என்பதற்குப் பதில் 'நீ' என்று குழந்தை சொன்னால் உடனே காதில் உறுத்தும். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசுகிறோம். யார் என்பது வினைமுற்றின் விகுதியில் ஒளிந்திருக்கிறது. 'வரேன்', 'வரியா', 'வரான்' மூன்றுக்கும் உள்ள வேறுபாடு வாலில் மட்டும்தான். கேள்விக்கும் விருப்பத்துக்கும் இடையே நிற்பதும் ஓர் எழுத்து: 'வேணுமா', 'வேணும்'. அதனால் "போயிட்டு வரேன்" என்று அட்சர சுத்தமாகச் சொல்லும் குழந்தையைப் பார்த்து, "இவ்வளவு இலக்கணத்தோடு பேசுகிறதே" என்று வீடு மகிழ்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

சொற்களை எண்ணுவதும் இங்கே ஏமாற்றும். 'வரமாட்டேன்' எழுத்தில் ஒரு சொல். அதற்குள் வருதல், மறுப்பு, நான் என்று மூன்று செய்திகள். எனவே எத்தனை சொல் என்று எண்ணுவதைவிட, வரி உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். உறைந்த வரிக்கு அடையாளங்கள்:

1. அதன் பகுதிகள் வேறெங்கும் தனியாக வருவதில்லை. "போயிட்டு வரேன்" உண்டு. 'வரேன்' மட்டும் இல்லை, 'வா' கூட இல்லை.
2. எப்போதும் ஒரே ராகம், ஒரே வேகம்.
3. குழந்தையின் மற்றப் பேச்சைவிட நீளமும் சிக்கலும் திடீரென்று கூடியிருக்கும்.
4. குறிப்பிட்ட சூழலுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு நிலைக் கோட்பாடும் அதைச் சுற்றிய சண்டையும்

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் மார்ஜ் பிளாங்க் 2012-இல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாக, 'இயற்கை மொழிப் பேறு' என்று தமிழில் சொல்லத்தக்க ஆறு நிலை வரிசை பரவலானது. முதல் நிலையில் முழு வரிகள். இரண்டாம் நிலையில் வரிகள் வெட்டப்பட்டு வேறு வரிகளோடு ஒட்டப்படும். மூன்றாம் நிலையில் தனிச் சொற்கள் விடுபட்டு, புதிய இருசொல் சேர்க்கைகள் பிறக்கும். நான்கு முதல் ஆறு வரை சொந்த வாக்கியங்கள், மெல்ல மெல்லக் கூடும் இலக்கணம்.

இதிலிருந்து கிளைத்து, தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது அறிவுரையாகப் பரவும் விதிகள்தான் இன்று சர்ச்சையில் இருப்பவை. முதல் நிலைக் குழந்தைக்குத் தனிச் சொல் கற்றுத்தரக்கூடாது. கேள்வி கேட்பதைத் தவிர்க்க வேண்டும். முழு வரிகளை மட்டும் முன்வைக்க வேண்டும் என்பவை அவை.

2024-இல் இந்த அணுகுமுறையை எடைபோட்ட ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று முறைசார் மதிப்பாய்வு: இந்த முறையில் சிகிச்சை கொடுத்துப் பலன் அளந்த ஆய்வுகளைத் தேடியது. தகுதி விதிகளை நிறைவுசெய்யும் ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆதரவாளர்களின் பதில்: "சிகிச்சை அறையில் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்கிறோம், ஆய்வு இல்லை என்பதற்காகப் பலன் இல்லை என்று ஆகிவிடாது." இரண்டாம் பாதி சரிதான். ஆனால் ஆய்வு இல்லாத முறை, பிற வழிகளை விலக்கும் விதிகளைப் போடும்போது, அதற்கான சான்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கோட்பாட்டை மூன்று கூற்றுகளாகப் பிரித்தால் என் கணிப்பு இப்படி:

1. "எதிரொலிக்குப் பொருள் உண்டு, அடக்காமல் பதில் கொடுங்கள்." இதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கும் மேற்பட்ட கவனிப்பு இருக்கிறது. தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

2. "குழந்தைகள் இரண்டு சாதி: சொல்லாகக் கற்பவர், வரியாகக் கற்பவர்." பீட்டர்ஸின் சிறுவனே இதற்கு எதிர்ச் சாட்சி. அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆனால் முத்திரை குத்துமளவுக்குக் கோடு கிழிக்க முடியாது. கேனர் சொன்ன 'ஆமாம்' சிறுவனை எந்தச் சாதியில் சேர்ப்பது? அவனிடம் இருந்தது ஒற்றைச் சொல், ஆனால் உறைந்த சொல்.

3. "தனிச் சொல் வேண்டாம், கேள்வி வேண்டாம்." இங்கேதான் எனக்குக் கவலை. மூன்று வயதில் ஒரு வருடம் பெரிய காலம். குழந்தை 'மூன்றாம் நிலைக்கு' வரட்டும் என்று சொற்களைக் கொடுக்காமல் காத்திருப்பதற்கு விலை இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. குறிப்பேடு. மூன்று கட்டங்கள் போதும்: குழந்தை சொன்ன வரி, சொன்னபோது என்ன நடந்தது, அந்த வரி முதலில் எங்கே கேட்டது. இரண்டு வாரத்தில் உங்கள் குழந்தைக்கான சிறு அகராதி தயாராகிவிடும். குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும். பாட்டிக்குப் புரிந்த வரி பள்ளியில் புரியாமல் போவதுதான் பல அழுகைகளின் காரணம்.

2. வரிக்கு அல்ல, அதன் பொருளுக்குப் பதில் கொடுங்கள். "திருப்பிச் சொல்லாதே" என்று கண்டித்தால் அந்தக் கண்டிப்பும் ஒரு நாள் எதிரொலியாக வரும்.

3. குழந்தையின் வாயிலிருந்து வரவேண்டிய வடிவத்தை நீங்கள் சொல்லுங்கள். குவளையைக் காட்டி "தண்ணி வேணுமா?" என்று அது கேட்டால், "தண்ணி வேணும்" என்று அதன் பக்கத்தில் இருந்தே சொல்லிக்கொண்டு கொடுங்கள். "அப்படிச் சொல்லக்கூடாது, 'வேணும்'னு சொல்லு" என்றால் "வேணும்னு சொல்லு" முழுவதும் திரும்பி வரும். இதில் ஒரு சிறு சங்கடம் உண்டு: 'எனக்குத் தண்ணி வேணும்' என்று நீங்கள் சொல்வதைக் கேட்பவர்கள் உங்களுக்குத்தான் தாகம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

4. வரியின் ஒரு பகுதியை நிலைநிறுத்தி, மற்றதை மாற்றுங்கள். "பந்து விழுந்துடுச்சு" என்ற வரி பிடித்திருந்தால், பொம்மையைத் தள்ளி "பொம்மை விழுந்துடுச்சு", பேனாவைத் தள்ளி "பேனா விழுந்துடுச்சு". பிறகு திசையை மாற்றி "பந்து உருண்டுடுச்சு", "பந்து காணோம்". கட்டி எங்கே உடையும் என்பதைக் காது இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. வரிக்கு நடுவே இட்டு நிரப்ப இடம் இருக்கிறது என்று தெரிந்த கணம் பெரிய கணம். இந்த விளையாட்டை ஒரே நாளில் நூறு முறை செய்வதைவிட, ஒவ்வொரு நாளும் உண்மையாகவே ஏதோ விழும்போது செய்வது மேல்.

5. தனிச் சொற்களும் இருக்கட்டும். வரிகளோடு சேர்த்துப் பொருள்களின் பெயரும் வினைகளும் வரட்டும். ஆனால் 'பாப்பா தூங்குது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பாப்பா தூங்கு' என்று விகுதியைக் கழித்த மொட்டைப் பேச்சு வேண்டாம். சின்னதாக, ஆனால் முழுதாகப் பேசுங்கள்.

6. கேள்வியைக் குறையுங்கள், ஒழிக்க வேண்டாம். தொடர்ந்து "இது என்ன? அது என்ன நிறம்?" என்று தேர்வு வைத்தால் எதிரொலிதான் கூடும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். 2002-இல் வெளியான சில்லர், சிக்மன் ஆய்வில், விளையாட்டின்போது குழந்தையின் கவனத்தை ஒட்டியே பேசிய பெற்றோரின் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் மொழி கூடுதலாக வளர்ந்திருந்தது. உண்மையாகவே விடை தெரியாத கேள்வியைக் கேட்பதில் தவறில்லை, கையில் இரண்டு பொருளைக் காட்டி "எது வேணும்?" என்பது அப்படிப்பட்டது.

7. பேசிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கடினமானதும் இதுதான்.

8. பேச்சு மிகக் குறைவாக இருந்தால் படங்கள், சைகைகள், பேசும் கருவி (தொட்டால் சொல்லை ஒலிக்கும் சாதனம்) ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். அவை பேச்சைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கோனி கசாரி குழு 2014-இல் வெளியிட்ட, 5 முதல் 8 வயதுள்ள 61 குழந்தைகளின் ஆய்வில், விளையாட்டு வழிச் சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே பேசும் கருவி பெற்றவர்கள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதில் முந்தினார்கள்.

எப்போது பரிசோதனை?

'காத்திருந்து பார்ப்போம்' என்பதற்கு எல்லை உண்டு. கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போவது நல்லது:

1. 12 மாதத்தில் மழலை ஒலியோ சுட்டிக்காட்டுதலோ இல்லை.
2. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை.
3. 24 மாதத்தில் தானாகச் சேர்த்த இரண்டு சொல் இல்லை. 'தானாக' என்பதுதான் இங்கே உயிர். திருப்பிச் சொன்ன நீள வரிகள் இந்தக் கணக்கில் சேராது.
4. எந்த வயதானாலும், இருந்த பேச்சோ பழகும் தன்மையோ மறைந்துபோவது.

முதலில் செவிப் பரிசோதனை. பாட்டை அப்படியே பாடும் குழந்தைக்குக் காதில் குறை இருக்காது என்று நாமே முடிவுசெய்ய முடியாது. எதிரொலி இருப்பதால் மட்டும் ஆட்டிசம் என்றும் முடிவுகட்டக்கூடாது. பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறதா, எதையாவது காட்டுவதற்காகவே காட்டுகிறதா, பாவனை விளையாட்டு இருக்கிறதா என்று பலவற்றைச் சேர்த்துத்தான் மதிப்பிடுவார்கள்.

சிகிச்சையாளரிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும். இப்போது எந்த இலக்கை எடுத்திருக்கிறீர்கள், அதை எப்படி அளக்கிறீர்கள்? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் வழியை மாற்றுவீர்கள்?

பிழைகள் வரும்போது

இவ்வளவும் செய்துவரும் வீட்டில் ஒரு நாள் விசித்திரமான ஒன்று நடக்கும். "போயிட்டு வரேன்" என்று பிசிறில்லாமல் சொல்லிவந்த குழந்தை, அப்பா கிளம்பும்போது "அப்பா வரேன்" என்று சொல்லும். விகுதி தப்பு. அடுத்த நாள் "பொம்மை போயிட்டு" என்று பாதியில் நிற்கும். ராகம் உடையும், திக்கல்போல் இடைவெளி வரும். இருந்த பேச்சும் போய்விட்டதே என்று வீட்டில் பதறுவார்கள். முழு வரியைக் கடன் வாங்கியவருக்கு இலக்கணப் பிழை வராது. பிழை செய்யக் கட்டியை உடைத்து, துண்டை எடுத்து, புதிய இடத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "அப்பா வரேன்" என்ற வரியை யாரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. திருத்த வேண்டாம். "ஆமாம், அப்பா போறார்" என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.